பிறநாட்டுப் புலமைப்பரிசில் யாருக்கு?

பரிசில் என்னும் சொல் நம் மொழியிற் பழமை வாய்ந்தது. பாணனும் பொருநனும் கூத்தனும் பசித்த சுற்றத்தோடு காடும் மலையுங் கடந்து வள்ளலை நாடிச் சென்று பெற்றது பரிசில். அது மன்னனின் வியர்வையால் விளைந்ததன்று; உழவன் செலுத்திய இறையாலும் மாற்றார் நாட்டிற் கவர்ந்த கொள்ளையாலும் நிறைந்த களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அப்பழைய இரவலரிடத்தே ஒரு பண்பு இருந்தது. பரிசில் பெற்று மீள்பவன் வழியில் எதிர்ப்பட்ட வறியவனைக் கண்டு ஒதுங்கிச் செல்லவில்லை. இன்ன வழியாற் போ, இன்ன ஊரில் இளைப்பாறு, இன்னவாறு வாயிலை அடை, எனக்குக் கிடைத்தது உனக்குங் கிடைக்கும் என்று கூறி அவனை ஆற்றுப்படுத்தினான். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாய் அமைந்தமை தற்செயலன்று. வழி சொல்லுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது.

இன்று அதே சொல்லைப் புலமையோடு சேர்த்துப் புலமைப்பரிசில் என்கிறோம். சொல் வளர்ந்திருக்கிறது, பண்பு தேய்ந்திருக்கிறது. பரிசில் பெற்றவர் இன்று வழி சொல்வதில்லை. வழி அறியாதவர் கேட்பதுமில்லை. இவ்விரு மௌனங்களுக்கும் இடையில் ஒரு வர்க்கத்தின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறியும் விமானமேறியும் சென்றுவந்துள்ளனர். மற்றொரு வர்க்கத்தின் பிள்ளைகள் கரையிலே நிற்கின்றனர்.

ஆண்டுதோறும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஜேர்மனியும் யப்பானும் சீனாவும் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்நாட்டவர் விண்ணப்பிக்கத்தக்க புலமைப்பரிசில்களை அறிவிக்கின்றன. அவ்வறிவித்தல்களில் இரகசியம் எதுவுமில்லை. எவரும் இணையத்திற் படிக்கலாம். எனினும் தோட்டத்து லயத்திற் பிறந்து பட்டம் பெற்ற பெண்ணுக்கும், முல்லைத்தீவிற் கரைவலை இழுப்பவரின் மகனுக்கும், மூதூரில் கூலிக்கு வயல் வெட்டுபவரின் மகளுக்கும் அவை பெரும்பாலும் எட்டுவதில்லை. எட்டினாலும் முடிவுத் திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போது எட்டுகின்றன. இந்நிலை ஏன் என்று கேட்டால் மூன்று குரல்கள் விடையிறுக்கின்றன.

‘தகுதியுள்ளவன் எப்படியும் வெல்வான்’ என்கிறது முதலாவது குரல். ‘பணத்தைக் கட்டுங்கள், நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறது இரண்டாவது. ‘ஏகாதிபத்தியம் எறியும் எலும்புத்துண்டு எமக்கெதற்கு? படித்தவன் திரும்பியா வரப்போகிறான்?’ என்கிறது மூன்றாவது. முதலாவது தகுதிவாதியின் குரல். இரண்டாவது தரகரின் குரல். மூன்றாவது நமது அணிக்குள்ளிருந்தே எழும் குரல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றும் தம்முள் முரண்பட்டவைபோலத் தோன்றினும் அவற்றின் விளைவு ஒன்றே: கரையில் நிற்பவர் கரையிலேயே நிற்கின்றனர்.

முதற்கண் தகுதிவாதியோடு வழக்காடுவோம்.

இந்நாட்டிற் பிறநாட்டுப் புலமைப்பரிசிலின் வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1870ஆம் ஆண்டு பொன்னம்பலம் அருணாசலம் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை வென்று கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சையாற் தெரிவான முதல் இலங்கையர் ஆனார். அவரது ஆற்றலை எவர் மறுப்பார்? ஆனால் அவர் கொழும்பிலே முதலியார் குடும்பத்திற் பிறந்து, பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்றவர் என்பதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? அதே 1870இல் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டத்திற் பழம் பறித்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு அத்தகைய ஆற்றல் இருந்திருந்தால் அதனை அளந்து பார்க்க இந்நாட்டில் என்ன கருவி இருந்தது? பரீட்சை மண்டபத்தின் வாயிலை அடைந்தவருள் மட்டுமே பரீட்சை தெரிவு செய்கிறது. வாயிலை அடையாதவரைப் பற்றி அது எதுவுங் கூறுவதில்லை. தகுதிவாதியோ அந்த மௌனத்தையே தீர்ப்பாக வாசிக்கிறார்.

அருணாசலமே இவ்வுண்மையை உணர்ந்தவர் போலும். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவி, இந்நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென வாதாடினார். தாம் ஏறிச்சென்ற ஒற்றையடிப் பாதை நாடு முழுவதற்கும் போதாது என்று கண்டவரின் செயல் அது. 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1945இல் கன்னங்கர அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப்பிள்ளை நல்ல பாடசாலையிற் சேர்வதற்கென மத்திய கல்லூரிகளும் அவற்றுக்கான புலமைப்பரிசிலும் அமைந்தன. அந்தப் பரிசிலுக்கு இன்று நேர்ந்த கதி யாவருங் கண்கூடாகக் காண்பது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பத்து வயதுக் குழந்தைகள் வகுப்பிலிருந்து வகுப்புக்கு இழுத்துச் செல்லப்படுகின்றனர். தனியார் வகுப்புக்குப் பணம் உள்ளவர் முந்துகின்றனர். ஏழைக்கென்று வெட்டிய கிணற்றைக் காவலின்றி விட்டால், பெரிய வாளி வைத்திருப்பவரே முதலில் இறைப்பார்.

பிறநாட்டுப் புலமைப்பரிசிலிலோ இந்நிலை இன்னும் நுட்பமானது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலை எடுத்துக்கொள்வோம். பட்டத்தோடு 2,800 மணித்தியால வேலை அனுபவத்தையும் அது கேட்கிறது. அதற்கு மேலே, தலைமை தாங்கும் ஆற்றல் என்ன, பலரோடு தொடர்பு வளர்க்குந் திறன் என்ன, எதிர்காலத் திட்டம் என்ன என்று சிறு கட்டுரைகளாக எழுதச் சொல்கிறது. கொழும்பின் கட்டணப் பாடசாலையிற் படித்த பிள்ளை பதினைந்து வயதிலிருந்தே இவ்வினாக்களுக்கு விடை தயாரிக்கிறது. விவாத மேடை, மாதிரி ஐக்கிய நாடுகள் சபை, விடுமுறைத் தொண்டுப்பணி என்று அதன் நாட்குறிப்பு நிறைந்திருக்கும். தான் செய்ததை ‘நான்’ என்று சொல்லக் கூசாத மொழியும் அதற்குக் கைவந்திருக்கும்.

எமது மாணவரை நாம் எவ்வாறு வளர்த்தோம்? பதின்மூன்று ஆண்டுகள் குறிப்பெழுதி மனனஞ் செய்வித்தோம். கேள்வி கேட்டவனைக் குழப்படிகாரன் என்றோம். ‘நான்’ என்று பேசுதல் செருக்கு என்று கற்பித்தோம். பின்னர் திடீரென ஒருநாள் விண்ணப்பப் படிவம் ‘நீ யார்?’ என்று கேட்கும்போது அவன் ஊமையாகிறான். தலைமை என்றாற் பாடசாலையில் மாணவத் தலைவர் சின்னம் குத்தியிருத்தல் என்று எண்ணி, ‘எனக்கு அது இல்லை’ என்று கடதாசியை மடித்து வைக்கிறான். லயத்துக் காம்பராவின் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துப் பத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு காலம் இலவசமாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் அவன். அது தலைமை அன்றென்று அவனுக்கு யார் சொன்னது? அதுதான் தலைமை என்று அவனுக்கு ஏன் ஒருவருஞ் சொல்லவில்லை?

பணத்தின் கணக்கையும் பார்ப்போம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபா. பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு ஒருமுறை அமர அச்சம்பளம் முழுவதும் போதாது. தாயொருத்தி ஒரு மாதம் கொழுந்து பறித்து, அரிசியும் மாவும் வாங்காமல், அவ்வளவையும் மகளின் கையிற் கொடுத்தாலும் அப்பரீட்சை மண்டபத்தின் கதவு திறக்காது. இதன்பின்னும் ‘தகுதியுள்ளவன் எப்படியும் வெல்வான்’ என்பார், அந்த ‘எப்படியும்’ என்ற சொல்லுக்குள் எத்தனை மாதச் சம்பளத்தை மறைத்து வைத்திருக்கிறார் என்று கணக்குக் காட்டட்டும்.

இந்த இடத்தில் எமது குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறரைச் சாடுமுன் தன்னைச் சாடாதவனின் எழுத்துக்கு வலுவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி புவியியலிற் சிறப்புப் பட்டம் பெற்றாள். மண்சரிவு பற்றி அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தன் சொந்தத் தோட்டத்தில் எந்த லயம் எந்த மழைக்குச் சரியும் என்பதைத் தானே அளந்து குறித்தது. அவளுக்கேற்ற புலமைப்பரிசிலொன்றின் அறிவித்தலை, முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கையில், தற்செயலாகக் கண்டாள். சிபார்சுக் கடிதங்கள் இரண்டு தேவைப்பட்டன. அக்கடிதங்களை எழுத வேண்டியிருந்தவருள் நாமும் ஒருவர். விடைத்தாள் திருத்தும் காலம் அது. ‘வருகிற கிழமை வா, பிள்ளை’ என்றோம். அவள் வந்தாள். ‘நாளைக்கு’ என்றோம். பின்னர் எழுதினோம், எழுதியதும் என்ன? ‘இவர் நல்லொழுக்கமும் கீழ்ப்படிவும் உள்ளவர், கடின உழைப்பாளி’ என்று எந்த மாணவருக்கும் பொருந்தும் நான்கு வரிகள். மண்சரிவைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. அக்கடிதமும் திகதி கடந்தபின்பே போய்ச் சேர்ந்தது.

அதைவிடக் கொடியது பின்னர் தெரியவந்தது. அதே புலமைப்பரிசிலை மூன்றாண்டுகளுக்கு முன் அதே துறையைச் சேர்ந்த ஒருவர் வென்று சென்றிருந்தார். அவர் எவருக்குஞ் சொல்லவில்லை; அவரிடம் எவருங் கேட்கவுமில்லை. அம்மாணவி இன்று கொழும்பிற் கடையொன்றிற் கணக்கெழுதுகிறாள். அவள் குறித்து வைத்த லயங்களில் இன்றும் மக்கள் உறங்குகின்றனர். ஒரு சிபார்சுக் கடிதத்தின் தாமதம் ஒரு பெண்ணின் உத்தியோகத்தை மட்டும் பறித்ததன்று என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

இனித் தரகரிடம் வருவோம். பிறநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம் என்ற பலகைகள் இன்று நமது சிறு நகரங்களிலுந் தொங்குகின்றன. எல்லாருங் கயவர் என்று நாம் சொல்லவில்லை. அத்தொழிலின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். முகவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, கட்டணஞ் செலுத்தும் மாணவரைக் கொண்டுவந்து சேர்க்கும் முகவருக்குத் தரகுப்பணம் கொடுக்கின்றன. முழுப் புலமைப்பரிசிலோடு செல்லும் மாணவரால் முகவருக்கு என்ன இலாபம்? காணியை ஈடுவைத்து, நகையை அடகுவைத்து, கட்டணங் கட்டும் மாணவரே அவருக்கு வேண்டியவர். ஆகவே ‘புலமைப்பரிசில் உண்டு’ என்று அவர் காட்டும் விளம்பரத்தை நெருங்கிப் பார்த்தாற் பெரும்பாலும் அது கட்டணத்திற் சிறு கழிவாகவே இருக்கும். வணிகர் விலையைக் கூட்டிக் குறைப்பதைப் புலமைப்பரிசில் என்று அழைப்பது நமது மொழிக்கே செய்யும் அவமதிப்பு.

மாணவர் மனத்திற் பதிக்க வேண்டிய உண்மைகள் எளியவை. செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ், ஜேர்மனியின் டாட், யப்பானிய அரசின் மெக்ஸ்ட் ஆகியவற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. இடையில் எவருக்கும் ஒரு சதமுங் கொடுக்க வேண்டியதில்லை. எரஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிப் படிப்புகளுக்கு அவற்றை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளிடம் நேரே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் கலாநிதிப் பட்டத்துக்குத் தெரிவாகும் விஞ்ஞான மாணவர் பலர் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணிபுரிந்து, கட்டண விலக்கும் மாதாந்தப் படியும் பெறுகின்றனர். புலமைப்பரிசில் என்ற பெயரே அதற்கில்லாமையால் நமது மாணவர் அதனைத் தேடுவதில்லை. அங்குள்ள விண்ணப்பக் கட்டணத்தையும் பல பல்கலைக்கழகங்கள் கேட்டால் தள்ளுபடி செய்கின்றன. கேட்கலாம் என்பது தெரிந்தவரே கேட்கின்றனர். இலவசமாய்க் கிடைக்கும் இவ்வறிவைத் தரகர் விலைக்கு விற்பது நமது மௌனம் அவருக்குத் திறந்துவிட்ட சந்தையிலேயே.

மூன்றாவது குரல் நமது தோழரின் குரலாதலின் அதற்கு ஆறுதலாக விடையளிப்போம். கொடுப்பவனின் நோக்கம் தூயதன்று என்பது அவர்தம் முதல் வாதம். மெய்தான். றோட்ஸ் புலமைப்பரிசில் 1902இல் இறந்த செசில் றோட்ஸின் உயிலால் வந்தது. அப்பணம் தென்னாபிரிக்க வைரச் சுரங்கங்களிற் கறுப்பின மக்களின் முதுகெலும்பைப் பிழிந்து எடுத்த பணம். 1977 வரை அதனைப் பெறப் பெண்களுக்கு உரிமையும் இருக்கவில்லை. 1946இல் அமெரிக்கா தொடங்கிய புல்பிரைட் திட்டம் போரில் எஞ்சிய தளபாடங்களை விற்ற பணத்திற் பிறந்தது. 1950இல் நமது தலைநகரிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டம் ஆசியாவிற் பொதுவுடைமை பரவுமென்ற அச்சத்தோடு பின்னிப் பிணைந்தது. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டு லுமும்பாவின் பெயரைச் சூட்டிய சோவியத் யூனியனுக்கும் உலக அரசியற் கணக்கு இருந்தது. அப்பெயர் 1992இல் நீக்கப்பட்டு 2023இல் மீண்டுஞ் சூட்டப்பட்டமையும் அரசியலே. வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போகும் வள்ளல் எக்காலத்திலும் இல்லை.

ஆனால் கொடுப்பவனின் நோக்கம் பெறுபவனின் விதியாகிவிடுமா? வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. இலண்டனிலே, ஏகாதிபத்தியத்தின் மடியிலே, கற்றுத் திரும்பிய என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அடங்குவர். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த கைலாசபதி, கிரேக்க வீரயுகப் பாடல்களோடு நமது சங்கப் பாடல்களை ஒப்புநோக்கினார். அந்நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. அதே ஆசிரியரிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் கலாநிதிப் பட்டம் பெற்றார் சிவத்தம்பி. இருவரும் திரும்பி வந்தனர். அவர்கள் கொண்டுவந்தது பேர்மிங்ஹாமின் பட்டத்தாளை மட்டுமன்று. நமது பழம்பாடலை நமது சமுதாயத்தின் கண்ணாற் பார்க்கும் முறையையும் கொண்டுவந்தனர். பரிசில் பெற்ற பாணரை ஆராய்ந்தவரே, தாம் கற்றதை எத்தனையோ மாணவருக்கு வழியாக்கினார் என்பதில் ஒரு பொருத்தமுமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக அம்பேத்கரின் வாழ்வை நினைவூட்டுவோம். 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுண் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியோடு அவர் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1916இல் இலண்டனை அடைந்தார். உதவிக்காலம் முடிந்து 1917இல் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடாவிற் பணியேற்றார். அங்கே அவருக்குக் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அமெரிக்கப் பட்டத்தாற் சாதி கரைந்துவிடவில்லை. தனி ஒருவரின் உயர்வு ஒரு மக்களின் விடுதலை ஆகாது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

அம்பேத்கர் அங்கே நின்றுவிடவில்லை. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று படிப்பை நிறைவு செய்தார். 1940களில் வைசிராயின் நிருவாக சபையில் இருந்தபோது தாழ்த்தப்பட்ட மாணவருக்கு உபகாரச் சம்பளமும் பிறநாட்டிற் படிக்கும் வாய்ப்பும் வேண்டுமென அரசோடு வாதாடிப் பெற்றார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டு பம்பாயிற் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பரிசில் பெற்றவர் வழி சொன்னார். சொன்னதோடு அமையாது வழியை வெட்டியுங் கொடுத்தார். இக்காலத்து ஆற்றுப்படை என்றால் இதுவே.

‘படித்தவன் திரும்பியா வருவான்?’ என்ற இரண்டாவது வாதம் கனமானது. 2022இல் நாடு கடன் கட்ட இயலாது கைவிரித்த பின்னர் வைத்தியரும் விரிவுரையாளரும் பொறியியலாளரும் வெளியேறிய காட்சி கண்முன் நிற்கிறது. பொதுமக்கள் பணத்தில் இலவசக் கல்வி பெற்று, சம்பளத்தோடு கல்வி விடுமுறையும் பெற்றுச் சென்று, பிணையாகக் கையொப்பமிட்ட நண்பனைத் தவிக்கவிட்டுத் திரும்பாதிருந்தவர் உளர். அவரை நாம் நியாயப்படுத்தோம். தேயிலைக் கொழுந்தும் ஆடைத் தொழிற்சாலையும் மத்திய கிழக்கிற் பணிப்பெண்ணின் கண்ணீரும் ஈட்டித்தந்த பணத்தாற் கற்றவர், அக்கடனை மறப்பது களவினும் கீழானது.

ஆனால் அக்குற்றத்துக்குத் தண்டனையாக யாரைக் கரையில் நிறுத்துகிறோம்? தந்தையின் பணத்தோடு செல்பவனை நமது அறிவுரை தடுப்பதில்லை. அவன் எந்தப் பிணையுமின்றிப் போகிறான். ‘நாட்டை விட்டுப் போகாதே’ என்ற போதனை வறிய மாணவரின் காதில் மட்டுமே விழுகிறது. செவனிங் பெற்றவர் இரண்டாண்டு தாய்நாட்டில் வாழவேண்டும் என்பது நிபந்தனை. புல்பிரைட்டில் அமெரிக்கா செல்பவரையும் இரண்டாண்டு தாய்நாட்டு வாழ்வு பற்றிய விசா விதி கட்டுகிறது. ஆக, திரும்பும் கடப்பாடுள்ள பெரும் பரிசில்கள் இரண்டிலும் நமது மாணவர் வெல்வது, கட்டணங் கட்டிச் சென்று அங்கேயே தங்கிவிடும் வழியைவிட நாட்டுக்கு நன்மையன்றோ? தோழர்களே, வறியவரின் கதவைச் சாத்திவிட்டு அதற்குத் தேசப்பற்று என்று பெயரிட வேண்டாம்.

நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களைப் பெருக்குவதும் செப்பனிடுவதுமே முதன்மையான போராட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. உயர்தரத்திற் சித்தியெய்தி அனுமதித் தகைமை பெற்றவருட் பெரும்பாலோர் ஆண்டுதோறும் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே நிற்கும் நாட்டிற் சில நூறு பிறநாட்டுப் பரிசில்கள் விடுதலையைக் கொணரா. ஆனால் பெரும்போராட்டத்தின் பெயரால் இன்றே செய்யக்கூடிய சிறு கடமையைத் தட்டிக் கழிப்பவர் பெரும்போராட்டத்தையும் செய்யமாட்டார்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை யாவை? பெரும்பாலான திட்டங்கள் படிப்புத் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே விண்ணப்பம் கேட்கின்றன. ஆகவே இறுதியாண்டில் அன்று, இரண்டாமாண்டிலேயே மாணவருக்கு அவற்றின் பெயரும் திகதியும் நிபந்தனையும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு துறையின் சுவரிலும், ஒவ்வொரு ஊர் நூலகத்தின் வாயிலிலும் அவற்றைத் தமிழில் எழுதி ஒட்டலாம். இதற்கு அமைச்சரின் அனுமதி வேண்டியதில்லை. ஒரு தாளும் பசையும் போதும்.

சிபார்சுக் கடிதத்தை வரம் கொடுப்பதுபோல் எழுதுவதை விடுவோம். அது ஆசிரியத் தொழிலின் கடமை. கீழ்ப்படிவைப் பற்றித் தெரிவுக் குழு கேட்கவில்லை. அம்மாணவர் கேட்ட வினா என்ன, எழுதிய ஆய்வு என்ன, நாம் பத்தாண்டிற் கற்பித்தோருள் அவருக்குரிய இடம் என்ன என்று கேட்கிறது. அதற்கு விடை எழுத வேண்டுமாயின் மாணவரை நாம் முதலில் அறிந்திருக்க வேண்டும். மாணவர் எழுதும் கட்டுரையை வாசித்து, ‘இந்த இடத்தில் உன்னை மறைத்துவிட்டாய், உள்ளதைச் சொல்’ என்று திருத்துவோம். பொய் புனையச் சொல்லவில்லை. மெய்யைக் கூசாமற் சொல்லக் கற்பிக்கச் சொல்கிறோம். ஆசிரியர் பத்துப்பேர் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு மாணவரின் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்தையாவது கட்டலாம். தேநீர்ச் செலவிற் சிறிது குறையும், அவ்வளவே.

பரிசில் பெற்றுச் சென்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நீங்கள் எழுதிய விண்ணப்பம் எங்கே? வென்ற ஆண்டினதை மட்டுமன்று, தோற்ற ஆண்டினதையுங் கொடுங்கள். முதன்முறை தோற்று இரண்டாம் முறை வென்றவர் உங்களுட் பலர். அந்தத் தோல்வியைப் பற்றிய ஒரு சொல், கரையில் நிற்பவருக்கு நூறு வாழ்த்துரையினும் பயன்தரும். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், எந்தப் பேராசிரியர் கடிதத்துக்கு விடை எழுதுவார், குளிர்நாட்டில் முதல் மாதத்தை எப்படிக் கடந்தீர்கள் என்பவற்றை எழுதியனுப்புங்கள். அடுத்தவர் வந்தால் உங்கள் ஒளி குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். சொந்த ஆற்றலால் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்ற மயக்கமும் வேண்டாம். உங்களைப் படிப்பித்தது இந்நாட்டின் உழைக்கும் மக்களின் வரி.

மாணவரே, நீங்களும் மௌனத்தை உடையுங்கள். கேட்பது இழிவன்று. கேட்டதைத் தனியே பதுக்குவதே இழிவு. ஒருவர் அறிந்த திகதியை அறையிலுள்ள நால்வரும் அறியட்டும். நால்வரும் விண்ணப்பித்து ஒருவர் வென்றால், வென்றவர் அடுத்த நால்வருக்குக் கடன்பட்டவர்.

பழைய பாணனிடம் யாழும் பசியுமே இருந்தன. ஆயினும் எதிரே வந்த பாணனுக்குச் சொல்ல அவனிடம் ஒரு வழி இருந்தது; அதனை அவன் மறைக்கவில்லை. பட்டமும் பதவியும் பெற்ற நாம் அவனினும் வறியவர்தாமோ? வருகிற கிழமை ஒரு மாணவி சிபார்சுக் கடிதம் கேட்டு வருவாள். அவளை மறுநாள் வரச் சொல்லாதிருப்போம்.